கோழிக்குக் கொடுத்த இருட்டு

இது நடந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றின் நாலாம் மாடியில் எங்கள் வீடு. அந்த வீட்டுக்குத்தான் என் முதல் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தேன். பொறுமையாக, அமைதியாக எழுதவேண்டும் என்றுதான் இப்போது உட்கார்ந்தேன். நினைக்க நினைக்க இரத்தம் கொதிக்கிறது. ஆகவே கோபமாகவே எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பார்த்துக்கொள்ள யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்திருந்தார். கணவருக்கு பம்பலப்பிட்டியில் வங்கி வேலை. மாமியும் கணவரின் சகோதரங்களும் கனடாவில். கொழும்பில் அவர்கள் பக்கத்து ஆள் என்று சொல்ல ஒருவர்தான் இருந்தார்: கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமியின் தமக்கை, பெரியமாமி. நல்ல மனுசி, ஆனால் அவர் வாய் திறந்தால் அது தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

பிள்ளை வீட்டுக்கு வந்த முதல் நாளே அம்மா சொல்லிவிட்டார், பச்சைப்பிள்ளை கிடக்கும் அறையில் விளக்கு அணையக்கூடாது என்று. தொட்டிலுக்குக் கீழே ஒரு பாக்குவெட்டி, தலைக்கு மேலே விளக்கு. காத்துக் கறுப்பு அண்டாமல் இருக்க. இந்தச் சட்டம் போட்ட காலத்தில் அது ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்காக இருந்திருக்கும், அறையின் ஒரு மூலையில் முணுமுணுவென்று எரிந்திருக்கும். எங்கள் அறையிலோ கூரையில் வெள்ளைவெளேரென்று எரியும் எல்.ஈ.டி. பல்ப். அதன் கீழே படுத்துக் கிடந்தால் ஒப்பரேஷன் தியேட்டரில் இருந்து இன்னும் வெளியே வரவில்லையோ என்று இருக்கும்.

சரி, அம்மாவின் பயம் அம்மாவுக்கு. அதையாவது கதைத்துப் பார்த்திருக்கலாம். அதற்குள் கமெரா வந்து சேர்ந்தது.

மாமிக்கு முதல் பேரப்பிள்ளை. முழங்கால் வருத்தத்தால் அவரால் பிளேன் ஏற முடியாது. ஆகவே மகன், அதாவது என் கணவர், தொட்டிலுக்கு மேலே ஒரு சின்னக் கமெராவைப் பூட்டினார். ரொறன்ரோவில் இருந்தபடியே மாமி போனில் பிள்ளையைப் பார்க்கலாம். யோசித்துப் பாருங்கள், அங்கே பகலென்றால் இங்கே இரவு. மாமி காலைத் தேத்தண்ணி குடித்துவிட்டு உட்காரும்போது எங்களுக்குப் பொழுதுபட்டுவிடும். அவர் மத்தியானம் சமைத்துச் சாப்பிட்டு ஆறுதலாகப் பார்க்கும் நேரம் எங்களுக்குச் சாமம். அந்தக் கமெராவுக்கு இருட்டிலும் பார்க்கிற கண் இருந்தது. அது மாமிக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி, பிள்ளையின்ர முகம் வடிவாத் தெரியேல்லை. பேய்ப்படம் மாதிரிக் கிடக்கு. நல்ல லைட்டாப் போடு ராசா."

தம்பி போட்டார். இருந்த பல்பைக் கழற்றி இன்னும் பெரிய பல்பாகப் போட்டார். நான் முகத்தைச் சுளித்தபோது, "அம்மா பாவமப்பா, வரவும் ஏலாது, பார்த்திட்டுப் போகட்டன்" என்றார். நானும் பாவம் என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

நாட்டில் கரண்ட் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கிய ரீசார்ஜ் பல்ப் ஒன்றும் அந்த அறையில் இருந்தது. மின்சாரம் போனால் தானாக எரியும். மழைக்குக் கரண்ட் போகும் நாளில்கூட எனக்கு இருட்டுக் கிடைக்கவில்லை என்றால் பாருங்களேன்.

எனக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்வது கஷ்டம். முதலில் நித்திரை போனது. பிள்ளை தூங்கினாலும் நான் தூங்குவதில்லை. கண்ணை மூடினால் இமைக்குள்ளே சிவப்பாக எரியும். துவாயால் முகத்தை மூடினால் மூச்சு முட்டும், பிள்ளையின் சத்தம் கேட்காதோ என்று பயமும் வரும். பிறகு பசி போனது. பிள்ளைப்பெற்றவளுக்கென்று அம்மா பார்த்துப் பார்த்துச் சமைத்த சரக்குக்கறி வாசனையே எனக்குக் குமட்டியது. பிறகு இரவு பகல் குழம்பியது. ஒரு நாள் பொழுதுபட்டு ஏழு மணிக்கு எழும்பிப் பல் துலக்கிவிட்டு, "ஏன் இவர் இன்னும் வேலைக்கு வெளிக்கிடேல்லை?" என்று கேட்டிருக்கிறேன். அவர் அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டு வந்து, உடுப்பு மாற்றிச் சாரமும் கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் கொடுமை. காரணமில்லாமல் அழுவேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்த சத்தத்துக்குக் கத்துவேன். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, இது யாருடைய பிள்ளை, ஏன் என்னிடம் தந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பல்கனியில் நின்று கீழே பார்க்கப் பயமாக இருந்தது. உயரத்துக்கான பயம் இல்லை, என்னை நினைத்துத்தான் பயம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பல்கனிக் கதவைப் பூட்டித் திறப்பை அம்மாவின் சேலைகளுக்குள் ஒளித்து வைத்தேன்.

இந்த நிலையில்தான் எங்கள் ஆட்கள் வைத்தியம் தொடங்கினார்கள். யாரோ கண்ணூறு பட்டுவிட்டதாம். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் அப்படிப் பார்த்தாளாம். உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி எரித்தார்கள். கோயிலில் நூல் வாங்கிக் கட்டினார்கள். பெரியமாமி கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார்.

"அறை மூலை இருண்டு கிடந்தா மனமும் இருண்டுதான் போகும். அந்த மூலையில இன்னொரு லைட்டைப் போடுங்கோ."

சிரிக்காதீர்கள், உண்மையாகவே போட்டார்கள். தொட்டிலுக்குப் பின்னால் ஒரு ரியூப்லைட். நான் வாடுகிறேன் என்று வெளிச்சத்தைக் கூட்டினார்கள். கூட்டக் கூட்ட நான் வாடினேன். நான் வாட வாட அவர்கள் இன்னும் கூட்டினார்கள். காய்ச்சல்காரிக்குக் குளிருது என்று போர்வைக்கு மேல் போர்வை போட்டு மூச்சை நிறுத்துவது போலத்தான். அதில் படித்தவர், படிக்காதவர் என்று பேதமே இல்லை. வங்கியில் பெரிய கடன் கோப்பெல்லாம் பார்க்கிற என் கணவர்தான் ஏணியில் ஏறி அந்த ரியூப்லைட்டைப் பூட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் வெடித்தது. அங்கே சனிக்கிழமை மாலை, மச்சாள் வீட்டில் பிறந்தநாள் விருந்து. பிள்ளை அழுதழுது அப்போதுதான் கண்ணயர்ந்தது. கணவரின் போன் அடித்தது. கமெராவில் பார்த்தது போதாதாம், எல்லோரும் கூடி நிற்கிறார்களாம், பிள்ளையைத் தூக்கி முகத்தைக் காட்டட்டாம். அவர் தூக்கினார். போன் கைமாறிக் கைமாறிப் போகிறது. யாரோ ஒருவர் வாயில் ரோல்ஸை வைத்துக்கொண்டு, "கண்ணைத் திறக்கச் சொல்லுங்கோ" என்றார். பிள்ளை திடுக்கிட்டு எழும்பிக் கத்தத் தொடங்கியது. அங்கே எல்லோரும் "ஆ... வடிவு, வடிவு" என்று சிரித்தார்கள்.

என் கைக்கு எட்டிய தூரத்தில் கொத்தமல்லித் தண்ணி வைத்த எவர்சில்வர் டம்ளர் இருந்தது. எடுத்துச் சுவரில் எறிந்தேன். "இஞ்ச இன்னும் விடியேல்லை! மனிசர் நித்திரை கொள்ளுற நேரம்! நான் என்ன உங்களுக்குப் படமே ஓட்டுறன்?" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். இன்னும் பல சொன்னேன், அச்சில் எழுத முடியாது. ரொறன்ரோ முழுக்க அமைதியாகிவிட்டது.

அன்றைக்கு மத்தியானமே முடிவெடுத்துவிட்டார்கள். கனடாவிலிருந்து மாமி, கொட்டாஞ்சேனையிலிருந்து பெரியமாமி, நடுவில் என் கணவர். எனக்கு விசர் பிடித்துவிட்டது. பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடுவேன். எனக்குச் சுகம் வரும்வரை பிள்ளை கொட்டாஞ்சேனையில் வளரட்டும், பால்மா கொடுக்கலாம். வரும் வெள்ளிக்கிழமை நல்ல நாள், பெரியமாமி வந்து தூக்கிக்கொண்டு போவார்.

"ஒரு மாதம்தானே" என்றார் கணவர், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நிலத்தைப் பார்த்தார். என் பிள்ளையை என்னிடமிருந்து பறிக்கப்போகிறார்கள், பெற்ற தாய் நிலத்தைப் பார்க்கிறார். அதைவிடப் பெரிய அடி என் வாழ்க்கையில் நான் வாங்கவில்லை. மோசமான விஷயம் என்னவென்றால், அவர்கள் சொல்வது சரியாக இருக்குமோ என்று எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. உண்மையிலேயே எனக்கு விசர்தானோ?

புதன்கிழமை மத்தியானம் என்னோடு வேலை செய்பவள் பிள்ளை பார்க்க வந்தாள். நாங்கள் இருவரும் ஒரு கோழிப்பண்ணைக் கம்பனியின் கொழும்பு ஒஃபிஸில் கணக்குப் பகுதி. அவள் மாளிகாவத்தைக்காரி, கலகலவென்று கதைப்பாள். வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தாள். பிள்ளைப்பெற்றவள் இதெல்லாம் சாப்பிடக்கூடாது என்று அம்மா குசினிக்குக் கொண்டுபோகுமுன் நான் ஒரு துண்டை விழுங்கிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்னைச் சிரிக்க வைக்கத்தான் நினைத்திருப்பாள், ஒஃபிஸ் கதை சொல்லத் தொடங்கினாள்.

"பண்ணையில புதுசா ஒரு சூபர்வைசர் வந்தீக்கார். ராவைக்கு லைட்ட ஓஃப் பண்ணாமலே வூட்டுக்குப் பெய்த்தீக்கார். ஒரு நாளில்ல, ஒரு கிழமையா! கோழியெல்லாம் விசர் புடிச்சு ஒண்ட ஒண்டு கொத்தி, முதுகில தோல் இல்ல. பொஸ் குதிச்சார் பாருங்க, கோழிக்கும் ராத்திரி எண்டு ஒண்டு வேணாமாடா எண்டு!"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. முட்டைக்கோழிக்கு அந்தியில் கொஞ்ச நேரம் கூடுதலாக வெளிச்சம் கொடுப்பார்கள், முட்டைக்காக. ஆனால் அதற்குப் பிறகு அணைத்தே ஆகவேண்டும். அணைக்கும் கருவிக்கான பில்லை நானே எத்தனை தரம் பாஸ் பண்ணியிருக்கிறேன். தலைக்கு மேலே பல்ப், பின்னால் ரியூப்லைட், மேலே கமெரா. கீழே நான், கண்டவரையெல்லாம் கொத்திக்கொண்டு. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பாவம், அவள் பயந்துபோனாள்.

அன்றைக்கு மாலை கணவர் வேலையால் வந்து சேர்ட்டைக் கழற்றுமுன்பே நான் தொடங்கிவிட்டேன். அம்மாவையும் கூப்பிட்டு இருத்தினேன். பண்ணைக் கதையைச் சொன்னேன். இருவரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

"என்னடி, உன்னைப் போய்க் கோழியோட ஒப்பிடுறாய்?" என்றார் அம்மா.

"கோழியோட ஒப்பிட்டா எனக்குத்தான் மரியாதை கூட, அம்மா. அதுக்கு இரவில லைட்டை அணைக்கேல்லை எண்டு கேள்வி கேட்க ஒரு ஆள் இருக்கு. கோழிக்குக் குடுக்கிற இருட்டையாவது எனக்குத் தாங்கோ."

பிறகு கணவரிடம் திரும்பினேன். "இந்த வெள்ளி வேண்டாம், அடுத்த வெள்ளி பெரியமாமியை வரச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் இந்த அறையில லைட்டும் இல்லை, கமெராவும் இல்லை. அதுக்குப் பிறகும் நான் இப்பிடியே இருந்தா என்ர கையாலயே பிள்ளையைத் தூக்கித் தாறன்."

பிள்ளையைப் பந்தயம் வைத்த தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கணவர், தன் தாயிடம் எப்படிச் சொல்வது, கமெராவை எப்படிக் கழற்றுவது என்று இழுத்தார். நான் கதிரையில் ஏறி நானே கழற்றினேன். குசினிக்குக் கொண்டுபோய் அரிசி மூட்டைக்கு நேரே வைத்தேன். மாமி விரும்பினால் சம்பா அரிசியை விடிய விடியப் பார்க்கட்டும். அன்றைக்கு இரவு கனடாவிலிருந்து வந்த வொய்ஸ் மெசேஜ்களைக் கேட்டுக் கணவரின் முகம் கறுத்தது. நான் ஒன்றையும் கேட்கவில்லை. ஆனால் பெரியமாமிக்கு போன் எடுத்து, அடுத்த வெள்ளி வந்தால் போதும் என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

ஜன்னலுக்கு எதிரே ஒரு கல்யாண மண்டபத்தின் மின்னும் பலகை. அதற்குக் கட்டில் விரிப்பை இரண்டாக மடித்துக் கட்டினேன். ரீசார்ஜ் பல்பைக் கழற்றினேன். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. பாக்குவெட்டியை இன்னும் கிட்ட நகர்த்தி வைத்துவிட்டு, ஹோலில் ஒரு சின்ன லைட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் பாயை விரித்துக் காவல் இருந்தார்.

முதல் இரவு ஒரு அதிசயமும் நடக்கவில்லை. இருட்டுக்குள் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தேன். காலையில் கணவர், "பார்த்தியே?" என்பது போலப் பார்த்தார். இரண்டாம் இரவு விட்டு விட்டுத் தூங்கினேன். பிள்ளை எழும்பினால் லைட் போடாமலே பால் கொடுத்தேன். பால் குடிக்க வெளிச்சம் எதற்கு, பிள்ளைக்கு வாய் எங்கே என்று தெரியும்தானே. குடித்துவிட்டு அதுவும் திரும்பத் தூங்கியது. முன்பெல்லாம் அந்த வெளிச்சத்தில் பால் குடித்ததும் கண்ணை உருட்டிக்கொண்டு விளையாட ஆரம்பிக்கும்.

அதற்குப் பிறகு ஒரு காலையில், பாண் விற்கும் ஆட்டோ ஒழுங்கைக்குள் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. அந்தப் பாட்டைக் கேட்டாலே எரிச்சல்பட்டு ஜன்னலை அடித்துச் சாத்துகிறவள் நான். அன்றைக்கு எனக்குப் பசித்தது. "அம்மா, மாலுபாண் வாங்குங்கோ" என்று கத்தினேன். உள்ளே மீன்கறி வைத்த பணிஸ் அது, ஆனாலும் அம்மா பத்தியம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெர்ஸைத் தூக்கிக்கொண்டு, செருப்பும் போடாமல் லிஃப்டுக்கு ஓடினார்.

அந்தக் கிழமையே நான் கிளினிக்குக்கும் போனேன். டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பல்கனித் திறப்பை ஒளித்து வைத்ததையும் சொன்னேன். இரவிரவாக வெளிச்சம் பட்டால் நித்திரை கெடும், நித்திரை கெட்டால் மனம் கெடும் என்று அவர் சொன்னார். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று நினைக்கவேண்டாம், பிள்ளை பெற்றபின் இப்படி வருவது ஒரு வருத்தம், தொடர்ந்து வாருங்கள் என்றார். நான் பல மாதம் போனேன். லைட்டை அணைத்தால் எல்லாம் மாறிவிடும் என்று இதை வாசிக்கிற யாரும் நினைத்துவிடக்கூடாது. ஆனால் கொஞ்சம் தூங்கி எழும்பியதால்தான் டொக்டரிடம் போகவேண்டும் என்ற புத்தியே எனக்கு வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. பின்னேரம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே படுத்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். கதவு மணி கேட்டுத்தான் விழிப்பு வந்தது. மைம்மல் நேரம், வீடுகளில் விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்தில் படுப்பதும் குற்றம், அறையை இருட்டாக வைப்பதும் குற்றம். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்துகொண்டிருந்தது. எழும்ப நினைத்தேன், உடம்பு கேட்கவில்லை.

ஹோலில் பெரியமாமியின் குரல் கேட்டது. கணவர் இன்னும் வேலையால் வரவில்லை. பெரியமாமி பிள்ளையின் உடுப்புகளை வைக்க ஒரு பெரிய பையும் கொண்டு வந்திருந்தார்.

"என்ன இது, மைம்மலுக்க அறை இருண்டுபோய்க் கிடக்கு? லைட்டைப் போடுங்கோ, பிள்ளையைத் தூக்க."

செருப்பில்லாத கால்கள் கிட்ட வரும் சத்தம். கதவுக்குப் பக்கத்துச் சுவரில்தான் சுவிட்ச்.

"போடாதேங்கோ" என்றார் அம்மா. அரைக்கண்ணால் பார்த்தேன். அம்மா சுவிட்சின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு நின்றார். சம்பந்தி வீட்டாரிடம் குரல் உயர்த்திக் கதைக்காத மனுசி. அப்போதும் உயர்த்தவில்லை. "என்ர மகள் நித்திரை கொள்ளுறாள்."

"அப்ப பிள்ளை?"

"பிள்ளையும் அவளோடதான் கிடக்கு. அங்கயே கிடக்கட்டும். நீங்கள் இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

பெரியமாமி தேத்தண்ணி குடிக்கவில்லை. வெறும் பையோடு திரும்பிப் போனார். லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டபிறகும் அம்மா சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் தூங்குவது போலவே கிடந்தேன், கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

அந்த வீட்டுக்கு எத்தனை பேர் வந்து போனார்கள், கடல் கடந்தும் எத்தனை பேர் பார்த்தார்கள், எல்லோரும் பிள்ளை நித்திரையோ, பிள்ளை நித்திரையோ என்றுதான் கேட்டார்கள். அம்மாவை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன், அவருடைய கையை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. ஆனால் "என்ர மகள் நித்திரை கொள்ளுறாள்" என்ற ஒரு வசனம் ஒரு வாயிலிருந்து வருவதற்கு நான் விசரி என்று பெயரெடுத்து என் பிள்ளையையே பந்தயம் வைக்க வேண்டியிருந்ததே, அந்தக் கோபத்தை மட்டும் ஆற்றிக்கொள்ள எனக்கு இன்றுவரை விருப்பமில்லை.